ஒத்து ஊதுவதும் ஒரு கலைதான்

'ஒத்து ஊதுகிறான்' என்றால் தமிழில் அது வசை. மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவனை, தலைவர் பேச்சுக்கு வரிக்கு வரி ஆமாம் போடுகிறவனை அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் பழைய நாகசுரக் கச்சேரிகளில் ஒத்து ஊதியவர் செய்த வேலை லேசுப்பட்டதல்ல. நாகசுரத்தைப் போன்ற நீண்ட குழல். விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. சுருதி சேர்ப்பதற்காக அடிப்பக்கத்தில் சில துளைகள் மட்டும், அவற்றையும் மெழுகு வைத்து அடைத்துச் சரிசெய்வார்கள். மணிக்கணக்கில் ஒரே சுரம். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் அடக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இழை அறுந்துவிடக் கூடாது. சபையில் ஒருவரும் அவரைப் பார்ப்பதில்லை. அவர் நிறுத்தினால்தான் இவ்வளவு நேரம் இருந்தார் என்பதே தெரியும். இன்று அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் சுருதிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆள் போய்விட்டார், வசை மிஞ்சிவிட்டது. முன்னால் நின்று பாடுகிறவரே கலைஞர், மற்றவர்கள் துணைக்கு வந்தவர்கள் என்று நம் காது பழகிப்போனதற்கு இந்த ஒரு சொல்லே சாட்சி.

அந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரான ஓர் இசை உண்டு. முப்பது நாற்பது பேர் சேர்ந்து, குரல்களை மூன்று நான்கு அடுக்காகப் பிரித்துக்கொண்டு, இறைவனை நோக்கிப் பாடுவது. தேவாலயங்களில் பாடகர் குழு என்பார்கள், பேச்சுவழக்கில் குயர். இதில் முன்னால் நிற்கிறவர் என்று யாரும் இல்லை. நம் காலத்தில் எழுதப்பட்ட இவ்வகைப் பாடல்களைத் தேடிப்போய்ப் பாடுகிறவர்களும் விலை கொடுத்துக் கேட்கிறவர்களும் உலகின் பல மூலைகளில் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கோயில் குளம் என்ற பழக்கமே இருக்காது. அப்படியென்றால் ஈர்ப்பது எது? என் கட்சி இதுதான்: அந்த ஈர்ப்பு பக்தியில் தொடங்கலாம், ஆனால் அதை நிலைக்க வைப்பது பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டியிருக்கிற கட்டாயம். அந்தக் கட்டாயத்தின் இன்பத்தை அறியப் பெருநகரமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். விழுப்புரமும் திண்டிவனமும் போதும்.

ரயிலில் போகிறவர்களுக்கு விழுப்புரம் ஒரு ஜங்ஷன். பஸ்ஸில் போகிறவர்களுக்குத் திண்டிவனம் டீ குடிக்க நிற்கும் இடம். நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் இந்த இடைவெளியையும் அதன் இருபுறத்தையும் இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. பாட்டுக்குப் பஞ்சமே இல்லாத மண் இது. சுந்தரர் தமது முதல் பதிகத்தைப் பாடிய திருவெண்ணெய்நல்லூர் இங்கேதான் இருக்கிறது. மயிலத்தில் முருகன் மலைமேல் நிற்கிறான், அடிவாரத்தில் தமிழ்க் கல்லூரி நடக்கிறது. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம். செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, கட்டியங்காரனும் வேடதாரிகளும் ஆடி முடிக்கும் ஒவ்வோர் அடியையும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பித் தருவார்கள். திண்டிவனத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் வேரூன்றிய தேவாலயம். மருத்துவர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட ஓர் இரவும் இந்த ஊரில்தான் நடந்தது. தெற்கே டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் சபைகள். புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பங்குகள் ஊருக்கு ஊர். வானூர்ப் பக்கம் 1968-ல் தொடங்கிய ஆரோவில்லில் பல நாட்டவர் கூடிப் பாடும் குழு. போதாததற்கு, வடதமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் தட்டுப்படும் பஜனை கோயில் தெரு.

அந்தத் தெருவின் பெயரை யோசித்துப் பாருங்கள். பஜனை என்பது ஒருவர் செய்கிற வேலை அல்ல. மார்கழி விடியலில் ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவுமாகப் பத்துப் பேர் தெருவைச் சுற்றி வந்த காலத்தில் வைத்த பெயர். (ஜால்ராவும் வசையாகிவிட்டது, கவனித்தீர்களா? சேர்ந்து ஒலிக்கிற எதன் மீதும் நமக்கு ஏனோ மதிப்பில்லை.) மார்கழிக்கு உரிய திருப்பாவையும் திருவெம்பாவையும் யார் குரலில் எழுதப்பட்டவை? ஆண்டாளும் மாணிக்கவாசகரும் அங்கே 'நான்' என்று பேசவில்லை. தூங்குகிற தோழியை எழுப்பி, கூட்டத்தோடு கூட்டமாக நீராடப் போகிற பெண்களின் குரல் அது. தன்மைப் பன்மையில் அமைந்த பாட்டு. தமிழின் மிகப் புகழ்பெற்ற இரண்டு பக்திப் பாடல் தொகுதிகள் பிறக்கும்போதே குழுப் பாடலாகப் பிறந்தவை. இன்று அவை நம் காதுக்கு எப்படி வருகின்றன? விடியற்காலை கோயில் கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கரில், எப்போதோ பதிவுசெய்த ஒற்றைக் குரலாக வருகின்றன. பாடியவர் மேதையாக இருக்கலாம். ஆனால் தெருவில் ஒருவரும் வாய் திறக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாடு அது. எல்லாரையும் எழுப்புவதற்கென்று எழுதிய பாட்டைப் போர்வைக்குள் படுத்தபடி கேட்கிறோம்.

தேவாலயங்களின் கதை சற்றே வேறு. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, ஜெர்மன் லுத்தரன் பாடல்களை அவற்றின் மெட்டோடு தமிழில் பாட வைத்தார். மெட்டுக்குச் சொல்லை வெட்டி ஒட்டிய அந்த ஞானப்பாட்டுகளில் தமிழ் நொண்டியது உண்மை. ஆனால் ஒரு சபை முழுவதும் ஒரே நேரத்தில் வாய் திறந்து பாடுவது என்ற வழக்கம் அதனோடு வந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அந்த வழக்கத்துக்குத் தமிழ்க் கீர்த்தனையின் நடையைக் கொடுத்தார். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்டு வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-ல் அச்சிட்டார். ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியதும் அதே 1853-ல்தான். மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலை ஒருபுறம், ராக தாளத்தோடு கூடிய கீர்த்தனை ஒருபுறம் என்று இரண்டு ஓடைகள் தென்னாற்காட்டுச் சபைகளில் பக்கம் பக்கமாக ஓடின. கத்தோலிக்கத் தரப்பில் லத்தீன் பூசை நடந்த வரை மக்கள் பெரும்பாலும் கேட்பவர்களாகவே இருந்தார்கள். 1963 டிசம்பர் 4-ம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம் தாய்மொழிக்குக் கதவைத் திறந்தது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்று அதன் 119-ம் பிரிவு சொன்னது. இரண்டே தலைமுறையில், முகையூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் பாடற்குழு என்பது பூசையின் பிரிக்க முடியாத அங்கமாகிவிட்டது.

பாடுகிறவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்பதை ஓர் ஒத்திகையைக் கிட்டே இருந்து பார்த்தால்தான் புரியும். கிறிஸ்துமஸுக்கு ஆறு வாரம் இருக்கும்போது தொடங்குவார்கள். நாலு பார்ட்: பெண்களில் சொப்ரானோ, ஆல்டோ, ஆண்களில் டெனார், பேஸ். மெட்டு பெரும்பாலும் சொப்ரானோவுக்குத்தான். ஆல்டோவுக்கு வாய்ப்பது மெட்டுக்குக் கீழே ஒரு நடமாட்டம். ஐந்தாறு சொல் வரை ஒரே சுரத்தில் நிற்க வேண்டியிருக்கும். தனியாகப் பாடினால் அது பாட்டு என்றே தோன்றாது. நோட்டேஷன் தெரியாதவர்கள் டோ ரே மீ எழுத்துகளை வைத்துக் கற்பார்கள், அதுவும் தெரியாதவர்கள் கேட்டுக் கேட்டே பிடிப்பார்கள். பிறகு நாலையும் சேர்ப்பார்கள். முதல் நாள் கட்டாயம் கவிழும். ஆல்டோவின் காது மெட்டின் பின்னால் ஓடும், குரலும் கூடவே போய்விடும். இழுபட்டுப் போகாமல், மெட்டைக் கேட்டுக்கொண்டே தன் இடத்தில் நிற்க ஒரு வாரம் பிடிக்கும். அடுத்து வரும் பாடம் இன்னும் கடினம். பக்கத்தில் இருப்பவர் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நீங்கள் சத்தமாகப் பாடுகிறீர்கள் என்று அர்த்தம். நல்ல குரல் உள்ளவருக்குத்தான் இது முதலில் உறைக்கும். வேறு எங்கே போனாலும் 'இன்னும் கொஞ்சம் எடுத்துப் பாடு' என்று கேட்டுப் பழகியவர், இங்கே 'குறைத்துப் பாடு' என்ற சொல்லைக் கேட்கிறார்.

அப்புறம் மூச்சு. ஒரு நீண்ட சுரத்தை இருபது முப்பது வினாடி இழுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனிதனின் மூச்சு அவ்வளவுக்குத் தாங்காது. குழுவில் என்ன செய்வார்கள் என்றால், பக்கத்துப் பக்கத்து ஆட்கள் ஒரே நேரத்தில் மூச்செடுப்பதில்லை என்று பேசி வைத்துக்கொள்வார்கள். ஒருவர் சத்தமில்லாமல் விலகி, காற்றை நிரப்பிக்கொண்டு, மெல்லத் திரும்பி வந்து சேரும் வரை அடுத்தவர் தாங்குவார். பிறகு அவர் விலகுவார், இவர் தாங்குவார். கேட்பவருக்கு எங்கேயும் இழை அறுவது தெரியாது. ஒத்துக்காரர் தம் இரண்டு கன்னங்களை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகச் செய்ததை இங்கே நாற்பது பேர் பங்கு போட்டுச் செய்கிறார்கள். ஒத்திகை, ஒத்துழைப்பு, ஒத்துப்போதல் என்ற சொற்களுக்கெல்லாம் நம் அலுவலகங்களில் வெளிறிப்போன ஒரு பொருள் உண்டு; இந்த மூச்சுக் கணக்கில் அவை உடம்போடு ஒட்டிய பொருளாகின்றன. எந்தப் பாட்டுக்காரரும் தம்மால் தனியாகத் தொட முடியாத நீளத்தை இங்கே தொடுகிறார். பாடி முடித்து வெளியே வருகிறவர்களின் முகத்தில் தெரிகிற அந்த லேசான போதைக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

இது வெறும் உருவகம் அல்ல, உடம்பில் நடப்பது. 2013-ல் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹாஃப் என்பவரும் சகாக்களும் பதினெட்டு வயதை ஒட்டிய 15 பேரைச் சேர்ந்து பாட வைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். முதலில் ஒரே சுரத்தில் ரீங்காரம். அடுத்து ஒரு துதிப்பாடல். கடைசியில் மெதுவாக நகரும் ஒரு மந்திரம், அதன் வாக்கியங்களுக்கு நடுவில் மட்டுமே மூச்செடுக்க அனுமதி. பாட்டின் அமைப்பு மூச்சைக் கட்டுப்படுத்தியது. மூச்சுக்கு ஏற்ப அவர்களின் இதயத் துடிப்புகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. மூச்சு முழுக்க ஒன்றுபட்ட மந்திரத்தில் அது மிகத் துல்லியமாகத் தெரிந்தது. 2015-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபின் டன்பார் குழுவினர் வேறொன்றைப் பார்த்தார்கள். கைவினை, கதை எழுதுதல், சேர்ந்து பாடுதல் என்று புதிதாகத் தொடங்கிய வகுப்புகளில் சேர்ந்தவர்களை ஏழு மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நெருக்கம் வந்துவிட்டது. ஆனால் பாட்டு வகுப்பில் அது முதல் மாதத்திலேயே வந்திருந்தது. முன்பின் தெரியாதவர்களைச் சீக்கிரம் சேர்த்து வைப்பதில் பாட்டுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இவை சிறிய ஆய்வுகள். இவற்றின் மேல் மாளிகை கட்ட முடியாது. ஆனாலும் பஜனைக் கோஷ்டியில் நின்ற நம் பாட்டனார்களுக்குத் தெரிந்திருந்த ஒன்றைக் கருவி வைத்துப் பார்த்தவர்கள் மறுக்கவில்லை என்ற அளவுக்குப் போதும்.

கேட்பவர்களின் பக்கம் வருவோம். இதில் என்னைப் பெரிதும் யோசிக்க வைப்பவர் எஸ்தோனியாவின் ஆர்வோ பேர்ட். 1935-ல் பிறந்தவர். அந்நாடு சோவியத் பிடியில் இருந்தபோது, 1968-ல், கிறிஸ்துவின் மேலுள்ள நம்பிக்கையை அறிவிக்கும் ஒரு குழுப்பாடலை எழுதியதற்காகத் தடைக்கு ஆளானார். பிறகு பல ஆண்டுகள் ஏறக்குறைய மௌனம். 1976-ல் அவர் திரும்பி வந்தபோது கையில் இருந்தது மிக எளிமையான ஒரு முறை. ஒரு குரல் படிப்படியாக ஏறும், இறங்கும். கூடவே வரும் இன்னொரு குரல், ஆதாரமான மூன்றே சுரங்களை விட்டு நகராது. அவ்வளவுதான். சின்ன மணிகளின் ஓசை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதற்கு டின்டினாபுலி என்று பெயர் வைத்தார். அந்த முறையை விளக்கிப் படிக்கும்போது ஒரு தமிழ்க் காதுக்கு என்ன தோன்ற வேண்டும்? நாகசுரமும் ஒத்தும்! ஒன்று உலவுகிறது, இன்னொன்று ஊன்றி நிற்கிறது, உலவுவதற்கு அர்த்தம் தருவது ஊன்றி நிற்பது. நாம் பெட்டிக்குள் அடைத்துவிட்ட ஒன்றைப் பேர்ட் மனிதக் குரலுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று நான் சொன்னால் அவருடைய ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். அந்த எளிமையால்தான் அவருடைய சிலுவைப்பாட்டு இசையையும் மரியன்னை துதியையும், மேல்நாட்டுச் செவ்விசையில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள் கூட உட்கார்ந்து கேட்கிறார்கள்.

கேட்பவருக்கு அது தருவது அவகாசம். ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் வருவதற்கு இடையில் மௌனம் விழுகிறது, அந்த மௌனமும் பாட்டுக்குள் சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண மண்டபத்திலும் வீட்டுத் தொலைக்காட்சியிலும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும் ஒலிகளுக்கு நடுவே, காதை விட்டுப்பிடிக்கிற ஓர் இசை அபூர்வம். 1994-ல் ஸ்பெயின் நாட்டு சிலோஸ் மடத்துத் துறவிகள் பாடிய பழைய கிரகோரியப் பாடல்களின் ஒலித்தட்டு பல நாடுகளில் பாப் இசைத்தட்டுகளோடு போட்டி போட்டு லட்சக்கணக்கில் விற்றது. வாங்கியவர்கள் எல்லாரும் துறவறத்துக்கா தயாரானார்கள்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பாடகரைக் கேட்கும்போது நாம் அவரை வியக்கிறோம், அவராக நம்மால் முடியாது. குழுவைக் கேட்கும்போது அதன் ஒரு மூலையில் நமக்கும் ஓர் இடம் இருக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. அந்த எண்ணமே ஒரு சுகம்.

இதெல்லாம் தமிழுக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்குக் கையில் ஒரு பதில் இருக்கிறது. 2005-ல் இளையராஜா திருவாசகத்தை ஓரட்டோரியோ வடிவில் அமைத்தார். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது, கோரஸ் குரல்கள் மாணிக்கவாசகரைச் சூழ்ந்து நின்றன. அதற்கு ஏற்பாடு செய்த தமிழ் மையத்தை நடத்தியவர் ஜெகத் கஸ்பர் ராஜ் என்ற கத்தோலிக்கக் குரு. திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-ல் வெளியிட்ட ஜி.யு. போப்பும் ஒரு பாதிரியார்தான் என்பதை நினைத்தால் கணக்கு நேராகிறது. அந்தப் படைப்பில் எனக்குக் குறை உண்டு: வாத்தியங்களின் பெருக்கில் சில இடங்களில் சொல் மூழ்குகிறது. ஆனால் ஒரு சைவத் திருமுறை பல குரல் இசையைத் தாங்கும் என்று அது காட்டிவிட்டது. இருபது ஆண்டு ஆகிவிட்டது. அந்த வழியில் அடுத்த அடியை ஒரு சிற்றூர்க் குழு பாடக்கூடிய எளிமையோடு யாராவது எடுத்து வைத்திருக்க வேண்டாமா?

இனி ஆட்சேபங்கள். முதலாவது, இது வெள்ளைக்காரன் சரக்கு. கமகம் அசையும் நம் ராகத்துக்கும் அசையாமல் நிற்கும் அவர்கள் ஹார்மனிக்கும் ஒட்டாது என்பது. இதில் பாதி உண்மை. தோடியை நாலு பார்ட்டாகப் பிரிக்கப் போனால் கிடைப்பது தோடியும் ஆகாது, பாட்டும் ஆகாது. ஆனால் மோகனம் போன்ற ஐந்து சுர ராகங்களும், மேல்நாட்டு மேஜர் ஸ்கேலோடு ஒன்றிப்போகும் சங்கராபரணமும், நாட்டுப்புற மெட்டுகளும் அடுக்குக் குரலை நன்றாகவே ஏற்கின்றன. முத்துசுவாமி தீட்சிதரே ஆங்கிலேய பாண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுசுர சாகித்தியங்கள் செய்தவர். வயலின் வந்தது, அது இல்லாமல் இன்று கச்சேரி உண்டா? ஆர்மோனியத்தை அந்நியம் என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்தது; அத்தனை ஆண்டும் பஜனைக் கோஷ்டிகளிலும் கூத்திலும் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. எந்த வாத்தியம் நம்முடையது என்று தீர்மானிப்பது அதைப் பயன்படுத்துகிற கைகள். ஓர் ஊர்க்குழு சுருதியின் மேல் நின்று இரண்டே இரண்டு அடுக்கில் பாடினால் கூட நான் சொல்கிற இன்பம் முழுதாகக் கிடைத்துவிடும்.

இரண்டாவது ஆட்சேபம் பகுத்தறிவுத் தரப்பிலிருந்து வரும். கடவுளே இல்லை என்கிறவனுக்குக் கடவுள் பாட்டில் என்ன வேலை? நியாயமான கேள்வி; இந்த மண்ணில் கேட்கப்பட வேண்டிய கேள்வியும் கூட. எஸ்தோனியா ஐரோப்பாவிலேயே மத ஈடுபாடு மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. அங்கே 1869 முதல் பாட்டுத் திருவிழா நடக்கிறது. 1980களின் கடைசியில் சோவியத் ஆட்சியை எதிர்த்து மக்கள் கூடியபோது பாடிக்கொண்டே கூடினார்கள், அந்தப் போராட்டத்துக்கே பாடும் புரட்சி என்று பெயர் வந்தது. பேர்ட்டின் வழிபாட்டு இசையை அந்த மக்கள் தங்கள் சொத்தாகவே வைத்திருக்கிறார்கள். நம் பக்கமும் உதாரணம் உண்டு. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைக் கிறிஸ்தவர் அல்லாத எத்தனையோ வித்துவான்கள் மேடையில் பாடியிருக்கிறார்கள். யாரும் மதம் மாறவில்லை. புனிதம் என்ற சொல்லுக்கு உள்ளே நுழையாமல், அதன் வாசலில் நின்று சேர்ந்து பாடுகிறவனுக்கும் மூச்சு ஒன்றுபடத்தான் செய்யும். அவனை அங்கேயே நிற்க விட்டுவிட வேண்டும், உள்ளே இழுக்கக் கூடாது; இது குழு நடத்துகிறவர்களுக்கு நான் போடும் நிபந்தனை.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. சேர்ந்து பாடுவது பற்றி இவ்வளவு பேசுகிறீரே, யாரோடு யார் சேர்ந்து? பாடகர் குழுவில் யார் நிற்கலாம் என்பது எப்போதுமே சண்டைக்குரிய விஷயம். 1903-ல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட இசை ஆணை, பெண்கள் தேவாலயப் பாடகர் குழுவில் இடம்பெறக் கூடாது என்றது. இன்று பெண்கள் வராவிட்டால் எந்தக் குழுவும் ஓடாது. சாதி அவ்வளவு சுலபமாக அசையவில்லை. லைப்சிக் மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதியை விட்டுவைக்கும் போக்கோடு முரண்பட்டு வெளியேறியவர். 1860களில் தென்னாற்காட்டில் டேனிஷ் மிஷன் அவரை வைத்துத்தான் தொடங்கியது. நூற்றைம்பது ஆண்டு கழிந்தும், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், 2008 மார்ச்சில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி மூண்ட மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். அருகருகே நின்று பாடினால் சாதி கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அருகே நிற்க விடுகிறார்களா என்பதே முதல் கேள்வி. திண்டிவனத்துக்குப் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோதுதான், 1947-ல், ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கோயிலுக்குள் நுழைவது ஓர் உரிமை. நுழைந்த இடத்தில் குரல் எடுத்துப் பாடுவது அதற்கு அடுத்த உரிமை, அதற்குச் சட்டம் எழுத முடியாது.

இந்த இடத்தில் தியோபிலஸ் அப்பாவுவை நினைக்காமல் இருக்க முடியாது. பரட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்டவர். மதுரை இறையியல் கல்லூரியில் கற்பித்து 2005-ல் மறைந்தவர். மேல்நாட்டுப் பாமாலை, சமஸ்கிருதம் கலந்த கர்நாடகக் கீர்த்தனை இரண்டுமே சேரி மக்களின் வாயில் ஒட்டாதவை என்று அவர் வாதிட்டார். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு சேர்த்து ஒரு வழிபாட்டு முறையையே முழுதாக எழுதினார். நன்றாகப் பாடத் தெரிந்தவருக்கென்று தனிப் பாட்டு அதில் கிடையாது. ஒருவர் எடுத்துக் கொடுக்க எல்லாரும் வாங்கிப் பாடுவது. அவர் வழியில் பார்த்தால், கோட் சூட் போட்ட நாலு பார்ட் குழுவும் ஒரு மேட்டுக்குடிச் சங்கமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நான் கேட்பது மேடைக்குழு அல்ல. தேர்வு வைத்து ஆள் சேர்க்காத, பிசிறுள்ள குரலுக்கும் பின்வரிசையில் இடம் தருகிற குழு. அந்தப் பிசிறை நாற்பது பேரின் நடுவே யாரும் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

இளைஞர்களுக்கு இது பிடிக்காது என்று ஒரு பேச்சு. கீபோர்டு, ரிதம் பேட், ட்ராக், வர்ஷிப் டீம் என்று வந்த பிறகுதான் பிள்ளைகள் ஆலயத்துக்கு வருகிறார்கள் என்கிறார்கள். வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வந்து என்ன செய்கிறார்கள்? மைக் பிடித்த நான்கு பேர் பாட, மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் தன் குரலே தனக்குக் கேட்காத இடத்தில் ஒருவன் எதற்குப் பாட வேண்டும்? கோயில் ஒலிபெருக்கிக்கும் இதற்கும் மதம் வேறு, விளைவு ஒன்று. கேரல் ரவுண்ட்ஸ் போகிற இரவில், மின்வெட்டு நேரத்தில் ஒரு வீட்டு வாசலில் கிடாரும் கைத்தட்டலுமாக அதே பிள்ளைகள் பாடுவதைக் கேட்டவர்களுக்கு, அவர்களுக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம், ஆசிரியர் என்ற பேச்சை இரண்டு வரியில் முடிக்கலாம். பல குரல் பாட்டுக்கு வேண்டிய வாத்தியம் தொண்டை. சுருதிக்கு ஒரு போன் போதும். ஆசிரியரைத் தேடி வெளியூர் போக வேண்டாம்: விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, அங்கே குரலிசையும் தேவாரமும் நாகசுரமும் சொல்லித் தருகிறார்கள். சில கிலோமீட்டரில் நாலு பார்ட் பாடத் தெரிந்த தேவாலயக் குழுக்கள் இருக்கின்றன. தேவாரம் தெரிந்தவருக்குப் பல குரல் அடுக்கு தெரியாது. அடுக்கு தெரிந்தவருக்குப் பண் தெரியாது. இரு தரப்பையும் ஒரே கூடத்தில் மாதம் ஒரு ஞாயிறு உட்கார வைக்க ஒரு தலைமையாசிரியரோ ஒரு பங்குத் தந்தையோ ஓர் அறங்காவலரோ மனம் வைத்தால் போதும். கொட்டகை போட வேண்டாம், பேனர் கட்ட வேண்டாம், தலைமை தாங்க அமைச்சர் வேண்டாம்.

இந்த மார்கழியில் ஒரே ஒரு நாள், விடியற்காலை ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் திருவெம்பாவையைத் தெருவில் இறங்கிப் பாடிப் பாருங்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரே ஒரு பாட்டுக்கு ட்ராக்கை நிறுத்தி, மைக்கை மூடி வைத்துவிட்டுச் சபையைப் பாடச் சொல்லுங்கள். முதல் இரண்டு அடி தடுமாறும், மூன்றாவது அடிக்குள் பக்கத்து ஆளின் குரல் காதில் விழும்.